விழாப் பெயர்களும் விண்மீன்களும்: பந்திங் வானில் ஓராண்டு

தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை ஆகிய பெயர்களை நம் மாணவர் நன்கு அறிவர். பூசம், மகம், உத்திரம் முதலியன விண்மீன்களின் பெயர்கள் என்பதையும் பலர் அறிவர். ஆயினும், வானை நோக்கி "மகம் எது?" என வினவினால் விரல் நீட்டிக் காட்டக் கூடியோர் மிகச் சிலரே. சொல் நம் நாவில் இருக்கிறது. அது சுட்டும் பொருள் நம் கண்ணுக்கு அயலாகிவிட்டது. பொருளைக் கண்டறியாத சொல் நாளடைவில் வெறும் ஒலியாகத் தேயும். அச்சொற்களுக்குரிய பொருளைப் பந்திங் வட்டாரத்திலிருந்தே ஆண்டு முழுதும் காணும் வழியை இங்கே காண்போம்.

பெயர் அமைந்த முறை

விண்மீன்களின் நடுவே நிலவு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. அப்பாதையை நம் முன்னோர் 27 நாண்மீன்களாக வகுத்தனர். முழுநிலவு எப்போதும் ஞாயிற்றுக்கு எதிர்த்திசையில் நிற்கும். ஞாயிறு விருச்சிகத்தில் இருக்கும்போது, முழுநிலவு எதிர்ப்புறத்துக் கார்த்திகையை ஒட்டி நிற்கிறது; அதனால் அத்திங்கள் கார்த்திகை எனப்பட்டது. அதே காரணத்தால் அத்திங்களில் கார்த்திகை மீன்கள் அந்தியில் கிழக்கே எழுந்து இரவெல்லாம் தோன்றும். ஆகவே திங்களின் பெயரே அவ்விரவுகளில் எதைக் காணலாம் என்னும் குறிப்பாகவும் அமைகிறது. அகநானூற்றின் 141ஆம் பாடல் கார்த்திகை விளக்குவிழாவைக் கூறும்போது, முழுநிலவும் அறுமீனும் சேரும் நிலையைக் கொண்டே அவ்விரவை அடையாளம் காட்டுகிறது.

பந்திங்கின் வாய்ப்பு

பந்திங் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளது. ஆதலால் துருவமீன் அடிவானத்தோடு ஒட்டி மறைகிறது. தென்வானமோ தமிழகத்தில் தோன்றுவதைவிட உயர்ந்து தோன்றுகிறது. அகத்திய மீன் சென்னையில் ஏறத்தாழ 24 பாகை உயரமே எட்டும். இங்கு 34 பாகையைக் கடக்கும். கிள்ளானின் விளக்கொளி வடவானையும் பன்னாட்டு விமான நிலையத்தின் ஒளி கிழக்கு வானையும் வெளுக்கச் செய்கின்றன. மோரிப் கடற்கரையில் மேற்கு வானம் தடையின்றி விரிந்திருக்கிறது. இரவு 8.30 மணிக்குமேல் நோக்குவது நன்று.

ஆண்டின் காட்சிகள்

தை, மாசி: தைப்பூச இரவில் பூசமீன்களைத் தேடுவது வீண். அவை மங்கலானவை, முழுநிலவின் ஒளியில் மூழ்கிவிடும். அன்று இரவு 10 மணியளவில் நிலவுக்கு மேலே புனர்பூசத்தின் இரட்டை மீன்களையும், கீழே மகத்தையும் காணலாம்; இவ்விரண்டிற்கும் இடையே பூசம் உள்ளது. இரு வாரம் கழித்து, நிலவற்ற இரவில் அதே இடத்தை இருகண் நோக்கியால் பார்த்தால் ஒரு மீன்கூட்டம் புலப்படும். மாசிமகத்தன்று நிலைமை வேறு. மகம் ஒளிமிக்கது, நிலவின் அருகிலும் தெரியும். பிப்ரவரி பிற்பகுதியில் இரவு 9.30 மணியளவில் அகத்திய மீன் தெற்கே உச்சநிலை அடையும்.

சித்திரை, வைகாசி: சித்திரை முழுநிலவின் அருகே வெண்ணிறச் சித்திரை மீன் நிற்கும். மே நடுவில் இரவு 10 மணியளவில் தென்சிலுவை தெற்கே நிமிர்ந்து நிற்கும். மே 5, 6ஆம் நாள்களில் விடியலுக்கு முன், ஹேலி வால்மீன் விட்டுச்சென்ற துகள்கள் எரிமீன்களாக விழும். இம்மழையைக் காண வடநாடுகளைவிட நம் இடம் ஏற்றது.

ஆடி, ஆவணி: ஜூலையில் இரவு 10 மணியளவில் தேள் உருவம் தெற்கே உயர்ந்திருக்கும். அதன் நடுவிலுள்ள செம்மீன் கேட்டை. வளைந்த வால் மூலம். செப்டம்பர் தொடக்கத்தில் திருவோணம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும்.

கார்த்திகை, மார்கழி: மழைமுகில் அடிக்கடி மறைப்பினும், முகில் விலகும் இரவுகளில் கார்த்திகைக் கொத்தும் செந்நிற ஆதிரையும் கிழக்கே எழும். ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கார்த்திகையில் எத்தனை மீன்களை வெறுங்கண்ணால் எண்ண முடிகிறது என மாணவரைக் கேட்கலாம். டிசம்பர் 13, 14ஆம் நாள்களில் புனர்பூசத்தின் அருகிலிருந்து புறப்படுவன போல எரிமீன்கள் தோன்றும்.

நாம் செய்யத்தக்கது

பந்திங்கை அடுத்த ஜூக்ரா மலை, மலேசியாவில் பிறை பார்ப்பதற்கு அதிகாரப்பூர்வமாகக் குறிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. நம் அண்டை அயலார் நாள்காட்டி கையிலிருந்தும் கண்ணால் வானைக் காணும் வழக்கத்தைக் கைவிடவில்லை. நம் நாள்காட்டியும் வானைக் கண்டு எழுந்ததே. நாமோ அச்சிட்ட தாளோடு நின்றுவிட்டோம்.

இதை மாற்றப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொரு விழாவுக்கும் முந்திய வாரத்தில் அவ்விண்மீனின் இடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். மாணவர்கள் வீட்டு வாசலில் நின்று கண்டதை நாள், நேரம், திசை குறித்துத் தமிழில் எழுதி வரலாம். ஓராண்டில் ஏழெட்டு நாண்மீன்களேனும் அவர்களுக்குப் பழகிவிடும். வானில் மகத்தைக் கண்டறிந்த மாணவர்க்கு மாசிமகம் என்னும் சொல் பிறகு ஒருபோதும் வெறும் ஒலியாக இராது.