சிங்கப்பூர் ஃபேமிலி டூர் போறீங்களா? சுற்றிப் பார்க்கும்போது இல்ல, ஷாப்பிங்ல தான் உஷார் தேவை!

டிக்கெட் போட்டாச்சு, லீவும் சொல்லியாச்சு. இந்நேரம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் லிஸ்ட் வர ஆரம்பித்திருக்கும். பெரியம்மாவுக்குக் கோடாலி தைலம், சித்தப்பாவுக்கு சென்ட், பக்கத்து வீட்டுக்கு சாக்லேட். கடைசியாக, "அங்க தங்கம் நல்லா இருக்குமாம், ஒரு செயின் பாருங்க" என்று ஒரு மெசேஜ். தைலத்தாலும் சாக்லேட்டாலும் பட்ஜெட்டுக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் அந்தக் கடைசி மெசேஜில்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் ஒரு விஷயம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். விசா வேறு, எஸ்ஜி அரைவல் கார்டு வேறு. இரண்டாவது, போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய படிவம். இது முழுக்க இலவசம். இதற்குப் பணம் கேட்கும் வெப்சைட் எதுவாக இருந்தாலும் அது அரசு வெப்சைட் இல்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட்டைத்தான் பலரும் மறப்பார்கள்.

காசு கொடுக்காமலே ஒரு மாலை

சிங்கப்பூர் காஸ்ட்லி என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊரின் அழகான காட்சிகளில் பல இலவசம். கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் வெளிப்புறத் தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. அங்குள்ள ராட்சத சூப்பர் ட்ரீ மரங்களுக்குக் கீழே இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இசையோடு ஒளிக்காட்சி நடக்கும், அதுவும் ஃப்ரீ. 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு மெதுவாக மரினா பே சாண்ட்ஸ் பக்கம் நடந்தால், 9 மணிக்குத் தண்ணீரில் லேசர் காட்சி. 8 மணிக்கும் அது உண்டு, ஆனால் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

மெர்லயன் சிங்கச் சிலை, யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான பொட்டானிக் கார்டன்ஸ் இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சாங்கி ஏர்போர்ட்டை ஒட்டியுள்ள ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவியும் இலவசம்தான். டிக்கெட்டுக்கான பணத்தை யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மிருகக்காட்சி சாலை மாதிரி இடங்களுக்கு எடுத்து வையுங்கள். பகலில் ஜூ, அதே நாள் இரவு நைட் சஃபாரி என்று பிளான் போடுபவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் சஃபாரி முழுக்க அப்பா தோளில் தூங்கிக்கொண்டுதான் வருவார்கள்!

சுற்றுவதற்கு எம்ஆர்டி போதும். அதற்குச் சிங்கப்பூர்த் தமிழில் 'பெருவிரைவு ரயில்' என்று பெயர். நம்ம ஊர் விசா, மாஸ்டர்கார்டு கான்டாக்ட்லெஸ் கார்டையே தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் வெளிநாட்டு கார்டுக்கு நாளொன்றுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. ரயிலில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடாதீர்கள், சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 டாலர் வரை அபராதம். ஒரு சிங்கப்பூர் டாலர் 60 ரூபாய்க்கும் மேல் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். சூயிங் கம், இ-சிகரெட் இரண்டும் பெட்டியில் இருக்கவே கூடாது.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் பாட்டில் எடுத்துப் போனால் தண்ணீர்ச் செலவு இல்லை. சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர்தான் பெஸ்ட். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும்.

ஷாப்பிங்: ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

கோடாலி தைலம், சாக்லேட், சென்ட் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் நம்மவர்கள் போவது லிட்டில் இந்தியாவில் உள்ள முஸ்தஃபா சென்டர். அந்த ஏரியாவை அங்குள்ள தமிழர்கள் 'தேக்கா' என்பார்கள், டாலரை 'வெள்ளி' என்பார்கள். "எவ்ளோ வெள்ளிண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள், தமிழிலேயே பதில் வரும்.

சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுலாப் பயணிகள் இதைத் திரும்பப் பெறலாம், ஆனால் சில கண்டிஷன்கள் இருக்கின்றன. கடை இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டியோடு சேர்த்துக் குறைந்தது 100 டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் போட்ட மூன்று பில்கள் வரை சேர்த்துக் காட்டலாம். வாங்குபவர் தன் ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அங்கேயே காட்ட வேண்டும். அதனால் அப்பா ஒரு பில், அம்மா ஒரு பில் என்று பிரித்துப் போடாமல் ஒருவர் பெயரிலேயே வாங்குவது நல்லது. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் பெயரில் கிளெய்ம் செய்ய முடியாது. சேவைக் கட்டணம் கழியும் என்பதால் 9 சதவீதமும் அப்படியே கைக்கு வராது.

பலர் கோட்டை விடுவது ஏர்போர்ட்டில்தான். பெட்டியை செக்-இன் கவுன்டரில் கொடுத்துவிட்டு, அப்புறம் ரீஃபண்ட் மெஷினைத் தேடுவார்கள். அதிகாரிகள் பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், பெட்டியோ போயிருக்கும். எனவே பெட்டியில் போகும் பொருளுக்கு முதலில் மெஷின், அப்புறம் செக்-இன். இன்னொன்று, சிங்கப்பூரில் வாங்கிவிட்டு பஸ்ஸில் மலேசியா போய், கோலாலம்பூரிலிருந்து ஊர் திரும்பும் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு இந்த ரீஃபண்ட் கிடையாது. தரைவழி எல்லையில் அந்த வசதியே இல்லை.

செல்போன், கேமரா வாங்குவோர் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2014-ல் சிம் லிம் ஸ்கொயர் வளாகத்தில் வியட்நாம் சுற்றுலாப் பயணி ஒருவர் 950 டாலர் கொடுத்து ஐபோன் வாங்கினார். அதன்பின் வாரன்டிக்கு இன்னும் 1,500 டாலர் கேட்டது கடை. பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் மண்டியிட்டு அழுத வீடியோ உலகமெங்கும் பரவியது. கடைக்காரர் பின்னர் ஜெயிலுக்குப் போனார் என்றாலும், பாதிக்கப்பட்டவரின் டூர் போனது போனதுதான். விலை எழுதாத கடையில் வாங்காதீர்கள், கையெழுத்து போடும் முன் பேப்பரை முழுசாகப் படியுங்கள், வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள்.

"லேடீஸ்க்கு 40 கிராம் ஃப்ரீ" உண்மையா?

இப்போது அந்தச் செயின் மெசேஜுக்கு வருவோம். "பொம்பளைங்க 40 கிராம், ஆம்பளைங்க 20 கிராம் வரி இல்லாம கொண்டு வரலாம்" என்று அடித்துச் சொல்லும் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் சொல்வதில் பாதி சரி. அந்தச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்புபவர்களுக்கு. ஐந்து நாள் டூர் போனவருக்கு இல்லை. தங்கத்துக்கான குறைந்த வரி விகிதத்துக்கும், குறைந்தது ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும்.

தங்கக் காசு, பிஸ்கட் வாங்கினால் பொதுவான வரியில்லா வரம்புக்குள் அதைக் காட்டவே முடியாது. நகைக்கு சிங்கப்பூரிலும் 9 சதவீத ஜிஎஸ்டி, மேலே செய்கூலி. அதோடு இந்திய சுங்க வரியும் சேர்ந்தால், ஊர் நகைக்கடையிலேயே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

வரம்புக்கு மேல் பொருள் இருந்தால் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கியதும் ரெட் சேனலில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுவதே வழி. சொல்லாமல் கிரீன் சேனலில் நடந்து மாட்டினால் நகை பறிமுதல் ஆகலாம், அபராதமும் வரலாம்.

ஏற்கெனவே கனமான நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், இங்கிருந்து கிளம்பும்போதே ஏர்போர்ட் சுங்க அதிகாரிகளிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது "இது எங்க வாங்கினது?" என்ற கேள்விக்கு அந்த ஒரு பேப்பர் போதும். இதற்காக வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏர்போர்ட் போய்விடுங்கள்.