கோமோ வரை ஓடிய வான்டரர்

கொல்கத்தா எல்கின் சாலையிலுள்ள நேதாஜி பவனில் காட்சிக்கு நிற்கும் வான்டரர் டபிள்யூ 24, 1937-இல் ஜெர்மனியில் அறிமுகமான நான்கு சிலிண்டர் கார். அதன் பதிவு எண் பி.எல்.ஏ. 7169. 1941 ஜனவரியில் வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் ஆங்கிலேய அரசின் ஒற்றர்களை ஏமாற்றிவிட்டு வெளியேறியது இந்தக் காரில்தான்.

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் ஜெர்மனியில் கார் என்பது செல்வந்தர் வீட்டுப் பொருள். 1923-இன் பணவீக்கத்தில் நடுத்தர மக்களின் சேமிப்பெல்லாம் கரைந்துபோனது. கார் வரியும் என்ஜினின் கொள்ளளவைப் பொறுத்தே விதிக்கப்பட்டதால், சின்ன என்ஜின் உள்ள வண்டிகளை உருவாக்க நிறுவனங்கள் போட்டியிட்டன. ஓப்பல் 1924-இல் 'மரத்தவளை' என்ற செல்லப்பெயர் பெற்ற பச்சை நிறக் காரை, ஜெர்மனியிலேயே முதன்முறையாக நகரும் தொகுப்பு வரிசையில் தயாரித்தது. இன்று பெரிய கார்களுக்குப் பெயர்போன பி.எம்.டபிள்யூ.கூட கார் தொழிலுக்குள் நுழைந்தது, பிரிட்டனின் ஆஸ்டின் 7 காரை உரிமம் பெற்றுத் தயாரித்த டிக்ஸி வழியாகத்தான்.

வான்டரர் நிறுவனம் சாக்சனியின் கெம்னிட்ஸ் நகரில் 1885-இல் சைக்கிள் தொழிலாகத் தொடங்கியது. பிறகு மோட்டார் சைக்கிள், தட்டச்சுப்பொறி, உலோகம் அறுக்கும் இயந்திரம் என்று கிளைவிட்டது. அதன் முதல் கார் 1913-இல் சந்தைக்கு வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் இன்னொருவர் உட்காரும்படி அமைந்த அந்தக் குறுகிய வண்டியை மக்கள் 'பொம்மைக்குட்டி' என்று அழைத்தார்கள்.

உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் தனித்து நிற்க முடியாத நிலையில், 1932-இல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ஹ் நிறுவனங்களோடு வான்டரரின் கார் பிரிவும் சேர்ந்து ஆட்டோ யூனியன் உருவானது. இன்றைய ஆடி கார்களின் முகப்பிலுள்ள நான்கு வளையங்கள் இந்த நான்கு பெயர்களையே குறிக்கின்றன. மலிவான சிறிய வண்டிக்கு டி.கே.டபிள்யூ., ஆடம்பரத்துக்கு ஹோர்ஹ் என்று பிரித்துக்கொண்டதில், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் வண்டி வான்டரர் என்றானது.

டபிள்யூ 24-இன் என்ஜின் 1,767 கன சென்டிமீட்டர், திறன் 42 குதிரைத்திறன். இன்றைய 1.2 லிட்டர் கார்கள் பல 80 குதிரைத்திறனைத் தாண்டுகின்றன என்பதோடு ஒப்பிட்டால் இதன் அடக்கம் புரியும். வான்டரரின் முந்தைய ஆறு சிலிண்டர் என்ஜினை வடிவமைத்தது ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் அலுவலகம். டபிள்யூ 24-க்கு அதைவிட எளிய, பக்கவாட்டு வால்வு கொண்ட என்ஜினே பொருத்தப்பட்டது. கண்ணைக் கவரும் எதுவும் இந்த வண்டியில் இல்லை. வங்காளத்தில் அதற்குக் கிடைத்த வேலைக்கு வேண்டியிருந்ததும் அப்படிப்பட்ட வண்டிதான்.

1940 ஜூலையில் கைதான போஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து, டிசம்பர் 5 அன்று விடுவிக்கப்பட்டார். அதன்பின் அவர் வீட்டுக்காவலில் இருந்த எல்கின் சாலை வீட்டைச் சுற்றி ஒற்றர்கள் காவல் இருந்தார்கள். தப்பிக்க வண்டி ஓட்டும் பொறுப்பை அவர் தம் அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸிடம் ஒப்படைத்தார். சிசிர் அப்போது இருபது வயது மருத்துவ மாணவர். வீட்டில் ஸ்டூடிபேக்கர் என்ற பெரிய அமெரிக்கக் காரும் இருந்தது. வேகமும் வலுவும் அதற்கே அதிகம். ஆனால் அது சரத் போஸின் வண்டி என்று ஊருக்கே தெரியும். ஆகவே வான்டரர் தேர்வானது. தப்பித்தலின் வெற்றிக்கு இந்த முடிவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

ஜனவரி 16 நள்ளிரவுக்குப் பின், முகமது ஜியாவுதீன் என்ற காப்பீட்டு நிறுவன அலுவலர் வேடத்தில் போஸ் பின்னிருக்கையில் ஏறினார். சந்திரநாகூர், பர்த்வான், அசன்சோல் வழியாக இரவெல்லாம் ஓடிய கார், காலையில் தன்பாத் அருகே பராரியை அடைந்தது. அங்கிருந்த சிசிரின் அண்ணன் அசோக்கின் வீட்டுக்குச் சற்று முன்பே இறங்கிக்கொண்ட போஸ், முன்பின் அறியாத விருந்தினராக நடந்து உள்ளே போனார். வேலைக்காரர்கள் எதிரில் சித்தப்பாவும் அண்ணன் மகன்களும் அந்நியர்களைப் போலவே பேசிக்கொண்டார்கள். இருட்டியபின் விடைபெற்று வெளியேறியவரைச் சாலையில் மீண்டும் ஏற்றிக்கொண்டு வான்டரர் கோமோ ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தது. அங்கே நள்ளிரவுக்குப் பின் வந்த கால்கா மெயிலில் போஸ் தில்லிக்குப் புறப்பட்டார்.

தில்லியில் வண்டி மாறி அவர் பெஷாவர் சென்றார். பிறகு காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின். எல்கின் சாலை வீட்டிலோ, அவர் திரைக்குப் பின்னே தனிமை விரதம் இருப்பதாகச் சொல்லி, அவருக்கு வந்த உணவை அண்ணன் பிள்ளைகளே உண்டு பல நாள் சமாளித்தார்கள். அவர் காணாமல் போன செய்தி ஜனவரி 26 அன்றுதான் வெளிப்பட்டது.

அவர் யாருக்கும் தெரியாமல் கடந்துபோன தில்லியில், மோதி பாக்கை ஒட்டிய அரசு ஊழியர் குடியிருப்பு இன்று நேதாஜி நகர். கோமோ நிலையம் 2009-இலும் கால்கா மெயில் 2021-இலும் அவர் பெயரைப் பெற்றன.

வான்டரரின் கதை போரோடு முடிந்தது. கெம்னிட்ஸ் சோவியத் ஆட்சிப் பகுதிக்குள் போனது, அந்தப் பெயரில் கார் தயாரிப்பு மீண்டும் தொடங்கவே இல்லை. ஆட்டோ யூனியன் 1949-இல் மேற்கு ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் புதிதாக நிறுவப்பட்டு, காலப்போக்கில் ஆடி ஆனது. கொல்கத்தா வண்டி பல பத்தாண்டுகள் ஓடாமலே நின்றது. பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட அதை, தப்பித்தலின் 76-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி நேதாஜி பவனில் திறந்து வைத்தார்.