கைத்தடியும் முள் ஊசியும்

ஒருவருடைய குணத்தை அறிய வேண்டுமானால் அவர் பேசும் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. அவர் வைத்திருக்கும் பேனாவையும் குடையையும் பார்த்தாலே போதும் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். நமது மேஜை இழுப்பறையில் எழுதாத பேனாக்கள் பதினொன்று கிடக்கின்றன. வாங்கிய அன்று ஒவ்வொன்றையும் "இதுவல்லவோ பேனா!" என்று கொண்டாடினோம். கதவு மூலையில் கம்பி ஒடிந்த குடைகள் மூன்று சாய்ந்திருக்கின்றன. இவற்றைக் கொண்டு நமது குணத்தை நேயர்கள் தாமே ஊகித்துக் கொள்ளலாம்.

இத்தகைய நாம் சமீபத்தில் திருவண்ணாமலைக்குப் போய், கிரிவலப் பாதை பதினான்கு கிலோ மீட்டரையும் நடந்து முடித்து, செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்தில் சற்று இளைப்பாறினோம். மயில்கள் அகவிக் கொண்டிருந்தன. பழைய ஹாலில் அன்பர்கள் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். நமக்கோ கண்ணை மூடினால் தூக்கந்தான் வரும். ஆகையால், பகவான் ரமணர் எப்படித் தியானித்தார் என்பதை விட்டு, அவர் எப்படிப் பொருள்களைப் புழங்கினார் என்று யோசிக்கலானோம்.

1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி, பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன் இவ்வூருக்கு வந்து சேர்ந்தான். அண்ணாமலையார் சந்நிதியில் வணங்கிவிட்டு, கையில் மிஞ்சியிருந்த பணத்தை அய்யங்குளத்தில் எறிந்தான். வேஷ்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக் கொண்டான். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி உடலை விடும் வரையில் அவர் இவ்வூரை விட்டு அகலவே இல்லை.

இவ்வளவு சுலபமாக எல்லாவற்றையும் எறிந்தவர், பின்னாளில் எதையுமே எறியவில்லை என்பதுதான் ஆச்சரியம்! அரிசி மணிகள் தரையில் சிந்தினால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். தபாலில் வரும் கட்டுகளின் காகிதத்தையும் கயிற்றையும் பத்திரப்படுத்துவார். துண்டுக் காகிதங்களைச் சேர்த்துத் தம் கையாலேயே நோட்டுப் புஸ்தகம் தைப்பார். விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய்கறி நறுக்குவார். மலைமேல் இருந்த காலத்தில் இலை தைத்தார். கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்கினார். கோவணம் கிழிந்தபோது, முள்ளையே ஊசியாக்கி, அத்துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக் கொண்டார் என்று அன்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"உடல் நான் அல்ல" என்று உபதேசித்தவருக்குக் கோவணத்தின் மேல் இவ்வளவு கவலை எதற்கு? நமக்கு இந்தச் சந்தேகம் எழுந்தது. உலகப் பற்று என்பது இதுதானோ?

இதற்கு விடை ஒரு கைத்தடியில் இருக்கிறது. வேலூரிலிருந்து வந்த பண்டிதர் ஒருவர், பலனை விரும்பாத கர்மம் என்றால் என்னவென்று ரமணரைக் கேட்டாராம். அவர் பதில் சொல்லவில்லை. மலைக்கு நடந்தபோது வழியில் கிடந்த முட்கிளை ஒன்றை எடுத்தார். முள்ளைச் சீவினார், கணுக்களைத் தேய்த்தார், சொரசொரப்பான இலையால் மெருகேற்றினார். பல மணி நேர உழைப்பில் அழகிய கைத்தடி உருவாயிற்று. அச்சமயம் தன் கோலைத் தொலைத்துவிட்டு ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் அவ்வழியே வந்தான். ரமணர் தடியை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

அவர் அய்யங்குளத்தில் எறிந்தது பணத்தை மட்டுமல்ல, "என்னுடையது" என்ற எண்ணத்தையும்தான் என்று நமக்குத் தோன்றியது. அந்த எண்ணம் போனபின், பொருளின் மேல் அக்கறை மட்டும் மிஞ்சுகிறது. நமது காரியமோ நேர் விரோதம். "என்னுடையது" என்பதை இறுகப் பிடித்துக் கொண்டு, அக்கறையை எறிந்துவிட்டோம்!

வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதிய காந்தியடிகளும் இவ்விஷயத்தில் ரமணரைச் சேர்ந்தவரே. ராஜேந்திர பிரசாத் 1938-ல் இவ்வாசிரமத்துக்கு வந்து தங்கிச் சென்றார். நூல் நூற்ற கூட்டத்தாருக்கு, இலை தைத்த முனிவரின் இடம் அந்நியமாக இருந்திராது. தன் கையால் செய்துகொள்ளத் தெரிந்தவனுக்கே சுயராஜ்யம் சுலபம். நாமோ தையல் இலையை மறந்து பிளாஸ்டிக் தாளில் சாப்பிடப் பழகினோம். 2019 ஜனவரி முதல் தேதி சர்க்கார் தடை போட்ட பிறகே பழைய இலை நம் நினைவுக்கு வந்தது!

வீடு திரும்பியதும் குடைகளைப் பழுது பார்க்கக் கொடுத்தோம்; இரண்டு பிழைத்தன. பேனாக்களை வெந்நீரில் அலம்பினோம், நான்கு எழுதின. மூன்றைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். நான்காவது, மிகவும் அழகாக எழுதிற்று. அதைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

ஆட்டிடையனிடம் அந்தத் தடியைக் கொடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.