பழைய காருக்குப் புத்துயிர்

மோட்டார் காரின் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் அளவறிந்து கலந்து ஊட்டும் உறுப்பே கார்புரேட்டர். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பெற்ற மாரிஸ் மைனர் காரில் எஸ்.யு. என்னும் வகைக் கார்புரேட்டர் அமைந்திருந்தது.

அதனுள், கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு ஓர் அச்சில் திரும்புகிறது. பல்லாண்டு உழைப்பால் அச்சும் அதனைத் தாங்கும் துளையும் தேயும், அவ்விடுக்கின் வழியே வேண்டாத காற்று நுழையும், எஞ்சின் தடுமாறும்.

அச்சு, ஊசி முதலியன இன்றும் புதியனவாகக் கிடைக்கின்றன. தேய்ந்த துளையையோ கடைசல் வல்லுநர் அகலக் குடைந்து, வெண்கலப் புஷ் ஒன்றை இறுகச் செருகிச் செப்பனிடுவர். பிஸ்டனும் அதனை மூடும் கூடும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை. ஒன்றைமட்டும் மாற்றுதல் ஆகாது.

வாங்கத்தக்கது எது, செப்பனிடத்தக்கது எது எனத் தெளிந்தவரே பழைய காருக்குப் புத்துயிர் அளிக்க வல்லவர்.