உடலுக்குப் புனர்வாழ்வு

நோயைத் தீர்த்தல் ஒன்று. நோயுற்றவரை மீண்டும் வாழ்வித்தல் மற்றொன்று. முறிந்த என்பு பொருந்தியது, காய்ச்சல் தணிந்தது என்று வைத்தியர் வீட்டுக்கு அனுப்பியதும் சிகிச்சை முற்றுப்பெற்றதென நம்மிற் பலர் கருதுகின்றோம். தாமாகவே உண்ணவும், உடுக்கவும், தொழிலுக்குச் செல்லவும் அவருக்கு ஆற்றல் வரும்வரை அது முற்றுப்பெறுவதில்லை. அவ்வாற்றலை மீட்டுத் தரும் துறையே உடற் புனர்வாழ்வு எனப்படும்.

இத்துறையின் வரலாற்றில் இங்கிலாந்திலுள்ள ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலைக்குச் சிறந்த இடமுண்டு. முள்ளந்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்தோர் நெடுநாள் வாழார் என்பதே இரண்டாம் உலகப் போருக்கு முன் பலரதும் எண்ணமாயிருந்தது. அவருட் பலரைக் கொன்றது முறிவன்று. அதன்பின் வந்த படுக்கைப் புண்ணும் சிறுநீர்வழித் தொற்றுமேயாம். 1939இல் நாசி ஆட்சிக்குத் தப்பி யேர்மனியிலிருந்து இங்கிலாந்து சேர்ந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் அங்கு முள்ளந்தண்டு நோயாளர்க்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, இரவிலுங்கூட, நோயாளரைப் புரட்டிப் படுக்கச் செய்தார். நிமிர்ந்திருக்கவும், கைகளை வலுப்படுத்தவும், கைத்தொழில் பயிலவும், விளையாடவும் அவர்களைத் தூண்டினார். 1948 யூலை 29இல், இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அங்கு வில்வித்தைப் போட்டியிற் கலந்துகொண்டனர். 1960இல் உரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் பங்குகொண்ட விழா, முதலாவது பரா ஒலிம்பிக் விழாவாக இன்று கொள்ளப்படுகின்றது.

பயிற்சி உடலுக்குச் செய்வது யாது? பல நாள் அசையாது கிடக்குந் தசை மெலியும், மூட்டு இறுகும். இயன்மருத்துவர் முதலிற் கைகால்களைத் தாம் அசைத்து, அவை இறுகாது காப்பர். பின்னர் நோயாளர் தாமே அசைக்கும்படி பழக்குவர். பாரிசவாதத்தில் நிகழ்வது இன்னும் வியக்கத்தக்கது. மூளையில் இறந்துபட்ட கலங்கள் மீள்வதில்லை. ஆயினும், ஒரு செயலைப் பன்முறை முயலுமிடத்து, மூளையின் எஞ்சிய பகுதிகள் அச்செயலை ஓரளவு ஏற்று நடத்தக் கற்றுக்கொள்கின்றன. தளர்ந்த கையை வாளா விட்டாலோ, அதனைப் பயன்படுத்தாமையே பழக்கமாகிவிடும். முன்னேற்றம் பெரும்பாலும் முதற் சில மாதங்களிலேயே விரைவாக இருத்தலின், காலந்தாழ்த்தல் ஆகாது. எல்லாரும் முன்போல் ஆவர் என நாம் கூறோம். நடக்க இயலாதவர் சக்கர நாற்காலியிலிருந்து தொழில் செய்யக் கற்பதும் புனர்வாழ்வேயாம்.

இங்கு நம் இல்லங்களை நோக்குவோம். பாரிசவாதமுற்ற தந்தையாருக்கு மகள் சோறூட்டுகின்றாள். மகன் சட்டை மாட்டிவிடுகின்றான். எழ முயன்றால், "ஐயா, நீங்கள் பேசாமற் படுங்கோ" என்று தடுக்கின்றனர். யாவும் அன்பே. எனினும், மாணவனின் கணக்கை ஆசிரியர் தாமே செய்து கொடுத்தால் மாணவன் கற்பானா? ஒரு பொத்தானைப் பூட்ட அவருக்குக் கால் மணித்தியாலஞ் செல்லலாம். அக்கால் மணித்தியாலமே அவருக்கு மருந்து. நாம் விரைந்து பூட்டிவிடுந்தோறும் அம்மருந்தின் ஒரு வேளையைப் பறிக்கின்றோம்.

ஆதலின், வைத்தியசாலையிலிருந்து ஒருவரை அழைத்து வரும்போது, எம்மருந்து கொடுப்பது என்பதோடு, எப்பயிற்சி செய்விப்பது, எதனைத் தவிர்ப்பது என்றுங் கேட்டறிதல் வேண்டும். அருகிருப்போம், விழாது காப்போம், களைத்தால் ஓய்வு கொடுப்போம். அவர் கை செய்யத்தக்கதை அவர் கைக்கே விடுவோம்.