98 நாள் கழிந்த பின் பிள்ளைக்கு என்ன பால்?

பேறுகால விடுப்பு முன்பு 60 நாள்தான். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாளாகியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தாய்மார்களே, கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 98 நாளோ மூன்று மாதமும் சில நாளும்தான். மீதி மாதங்களுக்கு வழி என்ன?

அந்த இடைவெளியில்தான் டின் பால் வீட்டுக்குள் நுழைகிறது.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கம் போகும்போதெல்லாம் நம் காதில் விழும் பேச்சு இது: "பாட்டிகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறேங்க. புள்ள அழுதா டின் பால் கரைச்சிக் குடுப்பாங்க." பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதாகத்தான் தெரியும். ஆனால் அந்த டின்னில் ஏறத்தாழப் பாதி சீனி. 'கிரிமர் மானிஸ்' என்று விற்பதிலோ நாம் வெட்டிப் போடும் செம்பனையின் எண்ணெயும் கலந்திருக்கிறது. தேத்தண்ணிக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியல்ல. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, டின் பால் குடித்த ஏழைக் குழந்தைகள் நோயில் விழுந்து சாவதைக் கண்ணால் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தவறான விளம்பரத்தால் நேரும் இந்தச் சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அவர் சொல்லி எண்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னுமா நாம் விழிக்கவில்லை?

சரி, வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வது? பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் வைத்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஐஸ்பெட்டியில் வைத்தால் 2 நாளுக்குள் கொடுக்கலாம். புட்டி வேண்டாம், சிறு கிண்ணமும் கரண்டியும் போதும்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சோறு சேர வேண்டும். வெறும் கஞ்சித் தண்ணி பலம் தராது. குழையக் குழைய வேகவைத்த சோற்றில் பருப்பு, முட்டை, முருங்கைக் கீரை, முள் நீக்கி மசித்த மீன் என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். கடற்கரை நமக்குப் பக்கத்தில்தானே! பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுத்துவிடும்.

இது ஒரு தோட்டத்துக் கவலை மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100-க்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாளாக ஆக உயரம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. முதல் இரண்டு வருடத்தில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம்.

ஆகவே ஊசி போடும் நாளுக்கு மட்டும் கிளினிக் போனால் போதாது. நிறை போடும் நாளுக்கும் போங்கள். புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோடு ஏறுகிறதா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். ஏறாமல் படுத்தே கிடந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை நிறை குறைந்திருந்தால் உணவுப் பொருள் கொடுக்கும் அரசாங்கத் திட்டம் ஒன்று 1989 முதல் இருக்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள், அது பிச்சையல்ல.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கண் குழிந்து, மூத்திரம் குறைந்து, சோர்ந்து கிடந்தால் மந்திரித்துக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். உடனே கிளினிக்குக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தகப்பன்மார்களே, ஒரு நாள் சம்பளம் போனால் மறுநாள் உழைத்துச் சம்பாதிக்கலாம். பிள்ளையைச் சம்பாதிக்க முடியுமா?

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. போதிய சிறு பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை அமைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கொட்டகை இருக்கிறதா? அதில் தாய்ப்பால் வைக்க ஓர் ஐஸ்பெட்டி உண்டா? பால் கொடுத்துவிட்டு வரத் தாய்க்கு நேரம் கிடைக்கிறதா? அடுத்த கூட்டத்தில் சம்பளப் பேச்சோடு இந்த மூன்று கேள்விகளையும் நிர்வாகத்தின் முன் வையுங்கள். 98 நாளை வாங்கியதுபோல மீதி நாளுக்கும் வழி கேட்போம்!