இரு ரவுட்டர்கள், ஒரே முகவரி: கிளையின் இணைப்பு அறுபடாதிருக்க ஓர் ஏற்பாடு

மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி போன்ற மலையூர்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற சமவெளி ஊர்களிலும் வாழும் வாடிக்கையாளர்களுக்கு ‘லிங்க் இல்லை’ என்னும் சொல் புதிதன்று. தோட்டத் தொழிலாளியின் கூலியும், முதியோரின் ஓய்வூதியமும், ஏலக்காய் விற்ற பணமும் வங்கிக் கணக்கின் வழியே கைக்கு வரும் இந்நாளில், அரைநாள் இணைப்பு நின்றால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் வேலையும் வீணாகின்றன. அதனைத் தவிர்க்கும் ஏற்பாடு ஒன்றை இங்கே விளக்குகிறோம்.

கோர் பேங்கிங் முறை வந்தபின், உங்கள் கணக்கு விவரங்கள் கிளையில் வைக்கப்படுவதில்லை. தொலைவிலுள்ள தரவு மையத்தில் உள்ளன. கவுன்ட்டர்க் கணினியும் ஏ.டி.எம்.மும் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் ரவுட்டர் என்னும் கருவி வழியாகவே வெளியே செல்கிறது. அது பழுதானால் கிளை முழுவதும் நின்றுவிடும். ஆகவே இரண்டாவது ரவுட்டர் ஒன்று வைக்கப்படுகிறது. ஆனால் வைத்தால் மட்டும் போதாது.

ஒவ்வொரு ரவுட்டருக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் அளித்த வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. கணினிகள் அம்முகவரியைக் கேட்டறிந்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. முதல் ரவுட்டர் நின்றபின்னும், பழைய முகவரிக்கே அவை தகவலை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். இதற்குத் தீர்வாக இரு ரவுட்டர்களுக்கும் பொதுவான ஐ.பி. முகவரி ஒன்றும், மெய்நிகர் வன்பொருள் முகவரி ஒன்றும் அமைக்கப்படுகின்றன. ‘கிளை மேலாளர்’ என்று பதவியைக் குறித்து எழுதிய கடிதம், மேலாளர் விடுப்பில் இருந்தால் பொறுப்பு வகிப்பவரிடம் சேர்வதில்லையா? அது போன்றதே இதுவும். பொறுப்பேற்கும் ரவுட்டர் அம்முகவரியிலிருந்து ஓர் அறிவிப்பை அனுப்பும். தகவலை எந்த வடத்தில் செலுத்துவது என்பதைக் கிளையின் ஸ்விட்ச் அதனால் அறிந்துகொள்ளும். கணினிகளில் எதனையும் மாற்ற வேண்டியதில்லை.

இதற்கான பொது நெறிமுறை வி.ஆர்.ஆர்.பி. எனப்படும். 1998இல் முதலில் வெளியான இதன் அண்மைப் பதிப்பு 2024இல் வந்தது. வழக்கமான அமைப்பில், முதன்மை ரவுட்டர் ‘நான் இயங்குகிறேன்’ என்று நொடிக்கு ஒருமுறை அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து வராவிடில், நான்கு நொடிக்குள் துணை ரவுட்டர் பொறுப்பேற்கும்.

எனினும் நடைமுறையில், ரவுட்டர் நலமாயிருக்க, வெளியே வடம் மட்டும் அறுபடுவதும் உண்டு. சாலைப் பணிக்காக மண் தோண்டும் இயந்திரம் ஒன்றே அதற்குப் போதும். அப்போதும் முதன்மை ரவுட்டர் ‘இயங்குகிறேன்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே வெளித்தொடர்பையும் கண்காணிக்குமாறு அதனை அமைக்க வேண்டும். முதன்மைக்கு 120, துணைக்கு 100 என முன்னுரிமை எண் தந்து, தொடர்பு அறுந்தால் முதன்மையின் எண் 90 ஆகக் குறையுமாறு செய்தால், பொறுப்பு தானே மாறும். மழைநாளில் தொடர்பு விட்டுவிட்டு வரும்போது பொறுப்பு அடிக்கடி கைமாறாதிருக்க, முதன்மை திரும்புவதற்குச் சில நிமிடத் தாமதமும் வைப்பது நல்லது.

இவையனைத்தையும்விட முக்கியமானது பாதை. இரு வடங்களும் ஒரே சாலையோரம் புதைந்திருந்தால், ஒரே மண்சரிவு இரண்டையும் கொண்டுபோய்விடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது மூணாற்றுக்குச் செல்லும் சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு ஏற்பட்டுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமையால் செய்தி வெளியே எட்டவே நேரமாயிற்று. தொடர்பு என்பது மலையில் வசதி மட்டுமன்று என்பதை அந்த இரவு உணர்த்தியது. ஆகவே ஒரு வழி கண்ணாடியிழை வடமாயின், மற்றது செயற்கைக்கோள் அல்லது கைப்பேசி வலையமைப்பாக இருத்தல் வேண்டும். பெருமழையில் செயற்கைக்கோள் தொடர்பு மங்கும் என்பதையும், இரு ரவுட்டர்களுக்கும் மின்கல ஆதரவு தேவை என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

இத்தனை இருந்தும், பொறுப்பு மாறும் அந்தச் சில நொடிகளில் நடுவழியில் இருக்கும் பரிமாற்றம் தடைபடலாம். அப்போது உடனே மறுமுறை முயலாமல், குறுஞ்செய்தியையோ கணக்கின் இருப்பையோ முதலில் பாருங்கள். ஏ.டி.எம். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணம் வராமலே கணக்கில் கழிக்கப்பட்ட ஏ.டி.எம். தொகை, பரிமாற்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை அவர் கணக்கில் சேராவிடில், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கெடு கடந்தும் தொகை திரும்பாவிடில், பரிமாற்றத்தின் நாள், நேரம், தொகை ஆகியவற்றைக் குறித்துக் கிளையில் எழுத்துமூலம் முறையிட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.